அவர் பெட்டியில் படுக்கும் முன் நான் பார்த்த படங்கள்

ஜூலை 8, செவ்வாய்

வெயில். காலை எட்டு மணிக்கே மாடிப்படியில் கால் வைக்க முடியவில்லை. எலுமிச்சை ஊறுகாய் ஜாடியை வெயிலில் வைத்தேன். கேஸ் புக் பண்ணியாச்சு. பால் கணக்கில் ஒரு நாள் இடிக்கிறது, கேட்கணும்.

முரளி வந்தான். மாமல்லபுரத்தில் சினிமாவுக்கு ஆள் சேர்த்து அனுப்புகிறவன். வாசலிலேயே சத்தம்.

"அங்கிள் கீறாரா ஆன்ட்டி? செம்ம மேட்டர். மெயின் ரோலு. படம் ஃபுல்லா அங்கிள்தான்."

என்ன ரோல் என்றேன். தலையைச் சொறிந்தான்.

"பாடி ஆன்ட்டி."

"பாடின்னா?"

"டெட் பாடி. ஐஸ் பொட்டில படுத்துகினே இருக்கணும். அஞ்சு நாளு. டயலாக் கெடையாது, டென்ஷன் கெடையாது. ஹார்ட்டுக்கு நல்லது."

கதை என்னவென்றால் ஒரு துக்க வீடு. அப்பா செத்துப்போய் நடுக்கூடத்தில் பெட்டியில். பிள்ளைகள் சொத்துக்குச் சண்டை. கிறிஸ்தவ வீடு. இவர் முகம் அப்படியே பொருந்துகிறதாம், டைரக்டர் போட்டோ பார்த்ததும் சொல்லிவிட்டாராம்.

உள்ளேயிருந்து இவர் சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டே ஓடி வருகிறார். செத்தவனாக நடிக்க இவ்வளவு அவசரம்.

போன வருஷம் அட்டாக் வந்தபோது ஐ.சி.யூ. கண்ணாடிக்கு வெளியே நின்றவள் நான். இன்னொரு கண்ணாடிக்குள் வைத்து இவரைப் பார்க்கணுமா. முடியாது என்று சொல்லிவிட்டேன். முரளி டீ கூடக் குடிக்காமல் போனான்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் சங்கடம். மெதுவாகச் சொன்னார்: "நான் நடிச்சதுல ஒண்ணாவது பார்த்திருக்கியா? பார்க்காமலே திட்டறே. பார்த்துட்டுத் திட்டு."

நியாயம். ஷூட்டிங் அடுத்த புதன். அதற்குள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன் என்றேன். ஜெபத்தில் வைத்திருக்கிறேன்.

படூருக்குப் போன் போட்டு மகளிடம் சொன்னேன். பிரிசி சிரியோ சிரி. "அம்மா, நீ சினிமா பார்க்கப் போறியா? உங்க பெண்கள் ஐக்கியத்துல தலைவி பதவி போயிடும்மா." டிவியில் அவளே ஏதோ நம்பர் போடச் சொன்னாள், படங்கள் வந்துவிட்டன. அப்பா இருக்கிற படம் மொத்தம் ஐந்து என்றாள்.

சினிமா பாவம் என்று நான் சொன்னதில்லை. வீண் என்றுதான் சொல்கிறேன். பாவம் செய்தால் மனந்திரும்பலாம். வீணாப்போன ரெண்டே முக்கால் மணி நேரத்துக்கு யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது.


ஜூலை 9, புதன்

புழுக்கம். துணி துவைத்து, கீரை ஆய்ந்து, சாப்பாடு முடித்து, மத்தியானம் உட்கார்ந்தேன்.

முதல் படம்: போலீஸ் படம்.

படம் பூராவும் இருட்டு. யார் யாரை அடிக்கிறார்கள் என்று தெரியவில்லை. வீட்டில் கரண்ட் போய்விட்டதோ என்று ஃபேனை நிமிர்ந்து பார்த்தேன், சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

கதாநாயகன் போலீஸ். சட்டம் அவருக்குப் பிடிக்காதாம். அப்புறம் எதற்கு அந்த வேலை. ஒரு பையனைத் தலைகீழாகத் தொங்கவிட்டு அடிக்கிறார், பின்னால் மேளம், விசில். நாம் கை தட்டணும். அந்தப் பையனுக்கு ஒரு அம்மா. ஸ்டேஷன் வாசலில் அழுகிறாள். அவளுக்குப் பேர் கூட வைக்கவில்லை. எழுதினவனுக்குக் கை வலித்ததா?

கெட்டவன் வீட்டில் மட்டும் நல்ல வெளிச்சம்.

இவர்: மார்க்கெட்டில் கொய்யா விற்கிறவர். கண்ணை மூடித் திறப்பதற்குள் கதாநாயகன் ஜீப் தள்ளுவண்டியை இடித்துவிட்டுப் போகிறது. கொய்யாவெல்லாம் ரோட்டில். "இதோ, இதோ நான்!" என்று நாற்காலியைவிட்டு எழுந்து டிவியைத் தொட்டுக் காட்டினார். அந்தக் கொய்யாவை யாராவது பொறுக்கிக் கொடுத்தார்களா என்று கேட்டேன். "அது படத்துல இல்லை" என்றார். அதான். நல்லது எதுவும் படத்தில் இல்லை.

மாலை பெண்கள் ஐக்கியக் கூட்டம். ஒருவரிடமும் சொல்லவில்லை.


ஜூலை 10, வியாழன்

மாலை நாலு தூறல், மண் வாசனைக்கு மட்டும். ஊறுகாயை ஓடி எடுத்தேன்.

இரண்டாவது: காதல் படம். பாதி நம் கடற்கரையில் எடுத்தது.

அந்தப் பெண் வேண்டாம் என்கிறாள். அவன் பின்னால் போகிறான். பஸ்ஸில், காலேஜில், அவள் வீட்டு மொட்டைமாடியில். செருப்பைக் கழற்றிக் காட்டுகிறாள். பாட்டு. பாட்டு முடிந்ததும் அவளுக்கு அவனைப் பிடித்துவிட்டது. நடுவில் என்ன நடந்தது? ஒன்றுமில்லை, டிரெஸ் மாற்றினார்கள். பிரிசி காலேஜ் போன காலத்தில் ஒருவன் இப்படித்தான் பரனூர் வரைக்கும் பின்னாலேயே வந்தான். அவள் பஸ்ஸை விட்டு இறங்கப் பயந்து கடைசி ஸ்டாப் வரை போய்த் திரும்பி வந்தாள். அதற்கு எந்தப் பாட்டும் வரவில்லை.

கதாநாயகியின் சிநேகிதி ஒருத்தி. அவள் பேர் ஜெனிஃபர். அப்படியென்றால் அவள் குடிப்பாள், குட்டைப் பாவாடை போடுவாள், யாரோடும் போவாள் என்று நாமே புரிந்துகொள்ள வேண்டும். எங்கள் சபையில் நாலு ஜெனிஃபர். ஒருத்தி போஸ்ட் ஆபீசில் வேலை. ஒருத்தி பல் டாக்டருக்குப் படிக்கிறாள். ஒருத்தி கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கொயரில் பாடுகிறாள். நாலாவது வாயாடி, ஆனால் அவளுக்கும் மோர்தான்.

இவர்: ஆயர். கல்யாணம் நடத்தி வைக்கும்போது கதாநாயகன் ஷூ காலோடு ஆல்டர் வரைக்கும் வந்து மணப்பெண்ணை இழுத்துக்கொண்டு ஓடுகிறான். ஆயர் சிரித்துக்கொண்டே ஆசீர்வாதம் பண்ணுகிறார்.

"ஏங்க, நீங்க எதுக்குச் சிரிச்சீங்க?"

"டைரக்டர் சிரிக்கச் சொன்னாரு."

"கோவில் கமிட்டியில இருக்கறவரு நீங்க. யாரு சொன்னா என்ன?"

எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். அங்கியும் அவருக்கு இரண்டு சாண் பெரிசு. திரைச்சீலையை வெட்டித் தைத்தது போல.


ஜூலை 11, வெள்ளி

பல் வலி. கிராம்பு வைத்தேன். உபவாச ஜெபம் என்பதால் படம் சாயந்திரம்தான்.

மூன்றாவது: நம் ஜனங்களைப் பற்றின படம். வெளிநாட்டில் பரிசெல்லாம் வாங்கினதாம். பிரிசி முன்கூட்டியே சொன்னாள், "இதையாவது திட்டாதே."

திட்டத்தான் போகிறேன்.

குடிசை எரிகிறது. அடி. சேறு. மறுபடி அடி. பெண்களை இழுக்கிறார்கள். கேமரா கிட்டே போய்ப் பார்க்கிறது, காயம் எப்படி இருக்கிறது என்று. நடந்ததுதான், இல்லை என்று சொல்லவில்லை. எங்கள் அப்பா மதுராந்தகம் பக்கம் வயலில் அடி வாங்கினவர். ஆனால் அதே அப்பா ரேடியோவைப் பிரித்து மாட்டுவார். சீட்டு விளையாட்டில் திருட்டுத்தனம் செய்வார். அம்மா வைத்த குழம்பைக் கேலி பண்ணி அடுத்த வேளை பட்டினி கிடப்பார். அந்த மனுஷன் இவர்கள் படத்தில் எங்கே? எங்களைக் கூப்பிட்டால் அடி வாங்கத்தான் கூப்பிடுவார்களா? எரியாத வீட்டில் நாங்கள் இருக்கவே கூடாதா? இதோ இந்த வீட்டுக்கு டைல்ஸ் போட்டிருக்கிறோம். வந்து எடுங்களேன்.

ஒரே ஒரு இடம் நன்றாக இருந்தது. அந்த அம்மா மகளுக்குத் தலை வாருகிறாள். பேச்சே இல்லை. சிக்கு எடுக்கும்போது பெண் முகத்தைச் சுளிக்கிறாள், அம்மா சீப்பால் தலையில் ஒரு தட்டு. அவ்வளவுதான். அந்த இடத்தில் மட்டும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இவர்: அடி வாங்கும் கிழவர். நிஜமாகவே முட்டியில் சிராய்ப்பாம், அப்போது என்னிடம் சைக்கிளில் விழுந்ததாகச் சொன்னார். இன்றுதான் உண்மை வந்தது. மஞ்சள் பூசிவிட்டது வீண்.


ஜூலை 12, சனி

காலையிலிருந்து மேகம், மழை இல்லை. ரேஷன். பச்சரிசி மட்டம்.

எங்கள் டிவியில் படம் சுற்றிக்கொண்டே நின்றது, ஓடவில்லை. அடுத்த வீட்டு மும்தாஜ் "எங்க வீட்ல பாருங்கக்கா" என்று கூப்பிட்டாள். முறுக்கு கொண்டுபோனேன். இவர் வரவில்லை. "அந்தப் படம் வேணாமே, விட்டுடேன்" என்றார். ஏன் என்று அப்போது புரியவில்லை.

நான்காவது: பேய்ப் படம்.

பழைய பங்களா, சுவரில் சிலுவை, சிலுவை தானாகத் தலைகீழாகத் திரும்புகிறது. நான் முகம் சுளித்ததும் மும்தாஜ் சிரித்தாள்.

"என்னக்கா பண்றது. பேய்ன்னா உங்காளு, வெடிகுண்டுன்னா எங்காளு. சினிமாக்காரன் பிரிச்சுக் குடுத்துட்டான்."

"உங்களுக்காவது பிரியாணி சீன் ஒண்ணு வைக்கிறான்."

"அது வெடிக்கறதுக்கு முன்னாடிக்கா."

இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே திரையில் இவர்.

பெட்டியில் படுத்திருந்தார். வெள்ளைச் சட்டை. மூக்கில் பஞ்சு. நெஞ்சில் சிலுவை, நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு. கிறிஸ்தவப் பிணத்துக்கு யாருடா காசு வைப்பது என்று ஒரு பக்கம் கோபம் வருகிறது, இன்னொரு பக்கம் கை கால் ஓடவில்லை. யாரோ ஒருத்தி, புருவம் எடுத்தவள், மேலே விழுந்து "என்னை விட்டுப் போயிட்டீங்களே" என்று அழுகிறாள். கண் மை கலையவில்லை. கழுத்துச் சங்கிலியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அழுகிறாள், அறுந்துவிடும் என்று. என் புருஷன் மேல் விழுந்து.

மும்தாஜ் ரிமோட்டைத் தேடினாள். "நிறுத்திடவாக்கா?" வேண்டாம் என்றேன். முழுக்கப் பார்த்தேன். பேய் எப்போது வந்தது, எப்போது போனது, தெரியாது.

நான் சகுனம் பார்க்கிறவள் இல்லை. ராகுகாலத்தில் கல்யாணப் புடவை எடுத்தவள். ஆண்டவர் குறித்த நாளை ஒரு சினிமா பெட்டி மாற்றிவிடாது, தெரியும். தெரிவது வேறு.

வீட்டுக்கு வந்தால் இவர் பிளாஸ்டிக் நாற்காலியில், சுவரைப் பார்த்து. "பார்த்துட்டியா?" என்றார். இட்லிக்கு ஊறப்போட்டேன்.


ஜூலை 13, ஞாயிறு

ஆராதனை. பிரசங்கம் நீளம். கமிட்டி மீட்டிங்குக்கு இவர் நிற்கவில்லை, தலைவலி என்று வந்துவிட்டார்.

ஐந்தாவது, கடைசி: அம்மா படம்.

அம்மா எல்லோரும் சாப்பிட்டபிறகு சாப்பிடுகிறாள். அம்மா இருமுகிறாள். ரத்தம். முந்தானையில் மறைக்கிறாள். பிள்ளைக்குத் தெரிந்தால் படிப்பு கெட்டுவிடுமாம். மருந்துச் சீட்டை அரிசி டப்பாவில் ஒளிக்கிறாள். செத்தபிறகு மகன் அரிசி டப்பாவைத் திறந்து கத்துகிறான், வயலின்.

நோயை மறைக்கிறவள் தியாகி இல்லை, முட்டாள். அதைப் பார்த்து ஊரே அழுததாம். எனக்கு எரிச்சல்தான் வந்தது. இதைப் பார்த்துதான் இவரும் நெஞ்சு வலியை நான்கு நாள் வாயுத் தொல்லை என்று சொல்லி ஓமத் தண்ணி குடித்தாரோ என்னவோ.

இவர்: பஸ் ஸ்டாண்டில் பேப்பர் படிக்கிறவர். முகமே தெரியவில்லை, பேப்பர்தான் தெரிகிறது. வேறு நாளென்றால் "கையைப் பாரு, என் மோதிரம்" என்று சொல்லியிருப்பார். சொல்லவில்லை. தூங்கப் போய்விட்டார்.

ஆக ஐந்தும் பார்த்தாயிற்று. ஐந்தும் குப்பை, தலை வாரும் இடம் தவிர. நான் சொன்னதுதான் சரி. இதை எழுதும்போது சந்தோஷமாக இருக்க வேண்டும்.


ஜூலை 14, திங்கள்

வெயில் திரும்பவும். தண்ணீர் லாரி வரவில்லை.

இவர் செவ்வாய்க்கிழமையிலிருந்து தாடி ஓரம் ஒதுக்கவில்லை என்று இன்றுதான் கவனித்தேன். போன வருஷம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு இப்படித்தான் இருந்தார். ரயில்வேயில் கேங்மேனாகச் சேர்ந்து மேஸ்திரியாக ரிட்டயர் ஆனவர், ஆள் அதட்டினால் தண்டவாளம் நகரும். அந்த மனுஷன் சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். டாக்டர் நட என்றார், நடக்கவில்லை. ஆயர் வந்து ஜெபித்தார். பிரிசி ஊட்டிக்குக் கூட்டிப்போனாள், அங்கேயும் ஓட்டல் சுவரைப் பார்த்தார். கடைசியில் மாமல்லபுரத்தில் ஒரு டீக்கடையில் முரளி "அங்கிள், உங்க தாடி சூப்பரா கீது, நாளைக்கு வர்றீங்களா" என்றான். அன்று ராத்திரி இவராகப் பேசினார். மறுநாள் காலை எனக்கு முன்னால் எழுந்து குளித்திருந்தார்.

எந்த ஆஸ்பத்திரியும் செய்யாததை ஒரு சினிமா ஏஜென்ட் செய்தான். இதை ஒப்புக்கொள்ள எனக்குப் பிடிக்கவில்லை.

பிரிசி போனில்: "அம்மா, அப்பா செத்த மாதிரி படுத்தா உனக்குக் கஷ்டம். அவர் உயிரோட செத்த மாதிரி உக்காந்தா உனக்குப் பரவாயில்லையா?"

பெரிய பேச்சு. போனை வைத்துவிட்டேன்.


ஜூலை 15, செவ்வாய்

காலை வேத வாசிப்பு, ஜெபம். பதில் கேட்டேன். சத்தம் ஒன்றும் கேட்கவில்லை, குக்கர் விசில்தான்.

பத்து மணிக்கு இவரிடம் போய்: "முரளிக்குப் போன் பண்ணுங்க. மூணு நிபந்தனை. ஷாட் முடிஞ்ச உடனே மூடியைத் தூக்கணும். மாத்திரை நேரத்துக்கு யாரும் 'லேட்' சொல்லக் கூடாது. முதல் நாள் நானும் வருவேன்."

என் முகத்தையே பார்த்தார். "சம்மதமா?"

"அனுமதி. சம்மதம் இல்லை."

பத்தேகாலுக்குச் சவரம் செய்யும் சத்தம். தாடியை எடுத்துவிடப் போகிறார் என்று ஓடினேன், ஓரம்தான் ஒதுக்கினார். விசிலடித்துக்கொண்டு.


ஜூலை 16, புதன்

விடியும்முன் வேன். சதுரங்கப்பட்டினம் தாண்டி, கடலுக்கு முதுகு காட்டின ஒரு பழைய வீடு. காற்றில் உப்பு. நாஸ்தா பொங்கல், வடை. பொங்கலில் நெய் இல்லை, டால்டா.

பெட்டியில் படுக்குமுன் வெள்ளை வேட்டி, சட்டை, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"எப்படி இருக்கேன்?"

"கேவலமா."

சிரித்துக்கொண்டே போய்ப் படுத்தார். மூக்கில் பஞ்சு வைத்த பையனிடம், "தம்பி, மெதுவா, எனக்குத் தும்மல் வரும்" என்றார்.

துக்க வீட்டுக் கூட்டத்துக்குப் பக்கத்துக் குப்பத்துப் பெண்கள். பெட்டியைச் சுற்றிப் பாய்போட்டு உட்கார்ந்து ஒரே அரட்டை.

"இன்னாடி, சாவு வூட்ல பல்லக் காட்டிகினு கீற?"

"நீ மட்டும்? வாயில வடை."

"கண்ணுல தண்ணி வர மருந்து ஊத்துவாங்களாம்."

"எனக்கு இன்னாத்துக்கு மருந்து? எங்கூட்டுக்காரன நெனச்சிகினா போதும், ரெண்டு பக்கெட் ரொம்பும்."

உதவி டைரக்டர் பெண் ஒருத்தி, பாவம், வெயிலில் கறுத்துப்போய் ஓடிக்கொண்டிருந்தாள். என்னிடம் வந்து, "ஆன்ட்டி, இந்தப் பக்கம் காலியா இருக்கு, நீங்களும் உக்காந்துடுங்களேன்" என்றாள். உட்கார்ந்தேன். நடிக்க இல்லை. அந்த மூலையிலிருந்து பார்த்தால் அவர் நெஞ்சு ஏறி இறங்குவது தெரிந்தது.

மூடியைப் போட்டார்கள். "சைலன்ஸ்" என்று ஒரு கத்தல். "ஆக்‌ஷன்."

நிசப்தம்.

நான் இதை எதிர்பார்க்கவில்லை. டைரக்டருக்கு அந்த இடத்தில் சத்தமே வேண்டாமாம், கடல் மட்டும் கேட்கணுமாம். பெண்களெல்லாம் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர் நெஞ்சு ஏறவில்லை. மூச்சைப் பிடித்திருக்கிறார், தெரியும்.

எங்கள் ஜனங்களில் துக்க வீடு இப்படி இருக்காது. ஆயர் வந்து சேரும்வரை பெட்டியைச் சுற்றிச் சத்தம் அடங்கினால், யாராவது பாட்டை எடுத்துவிடணும். பிணத்தை மௌனத்தில் விடக் கூடாது. எங்கள் தெருவில் இத்தனை வருஷமாக எடுக்கிறவள் நான்தான். யார் வீடானாலும், எனக்கும் அவர்களுக்கும் பேச்சுவார்த்தை இல்லாவிட்டாலும் சரி. மௌனம் விழுந்தால் எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள், நான் எடுப்பேன்.

எடுத்துவிட்டேன்.

யோசித்து எடுக்கவில்லை. வாய் தானாகத் திறந்தது. இரண்டாவது வரியில் குப்பத்துப் பெண்கள் சிலர் சேர்ந்துகொண்டார்கள், அவர்களுக்கும் அந்தப் பாட்டு தெரிந்திருந்தது. அப்புறம்தான் நினைவு வந்தது, இங்கே யாரும் சாகவில்லை. கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது. நிறுத்தியிருக்கலாம். அடக்கப் பாட்டைப் பாதியில் நிறுத்துகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. பாடினேன். குரல் உடைந்தது. எத்தனை வீட்டில் பாடியிருக்கிறேன், ஒரு நாளும் உடைந்ததில்லை. கண்ணைத் துடைக்கவும் கை வரவில்லை. கண்ணாடி, அதற்குப் பின்னால் அவர் தாடி, வேறெதுவும் தெரியவில்லை.

பாட்டு முடிந்தபிறகும் 'கட்' சொல்ல நேரமாயிற்று.

டைரக்டர் ஓடி வந்தார். தொப்பி போட்ட சின்ன வயசுக்காரர், அவர் கண்ணும் சிவந்திருந்தது. "அம்மா, இதுதான் என் படம். இதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேணாம். இன்னொரு வாட்டி மட்டும், குளோஸ்ல வச்சிக்கறேன். அதே மாதிரி."

"இன்னொரு வாட்டியா?"

"ஒன் மோர் மா. அவ்ளோதான்."

அதுவரை வராத கோபம் அப்போது வந்தது. "தம்பி, நான் உங்க படத்துக்குப் பாடலை. வழக்கத்துல பாடிட்டேன், என் தப்பு. இது அவருக்கு ஒரு தடவைதான் பாடணும். அந்த நாள் இன்னிக்கு இல்லை. எடுத்ததை அழிச்சிடுங்க."

"அழிக்கறதா? எவ்வளவு குடுத்தாலும் இது வராதும்மா."

"அதனாலதான்."

முரளி குறுக்கே வந்தான். "ஆன்ட்டி, இன்னா ஆன்ட்டி நீங்க, அங்கிள் பொழப்பையும் சேத்து..." அந்த உதவிப் பெண் அவனை இழுத்துக்கொண்டு போனாள். டைரக்டர் மறுபடியும் கும்பிட்டார். பலவந்தம் பண்ண மாட்டேன், நாளைக்கு யோசித்துச் சொல்லுங்கள் என்றார். மரியாதையான பிள்ளைதான். அதனால் இன்னும் கஷ்டம்.

இவர் பெட்டியில் எழுந்து உட்கார்ந்து ஸ்ட்ரா வைத்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். மூக்கில் பஞ்சு. என் பக்கம் திரும்பவே இல்லை.

மீதி நேரம் பிள்ளைகள் சண்டை போடும் சீன். பாட்டு இல்லை. நான் வேனில் உட்கார்ந்துவிட்டேன்.

வரும் வழி முழுக்க அவர் ஜன்னல் பக்கம். எத்தனையோ முறை பார்த்த கடல்தான், இன்று புதிதாகப் பார்க்கிற மாதிரி. நான் இரண்டு முறை மாத்திரை போட்டீர்களா என்று கேட்டேன். இரண்டு முறையும் தலையாட்டல்.

அவர் ஆசையைக் கெடுத்துவிட்டேன். நாளை முதல் சுவர்தான். ஆண்டவரே, அந்தப் பாட்டை அவர்களுக்குக் கொடுத்துவிடணுமா? கொடுத்துவிட்டால் அந்த நாள் வரும்போது என்னிடம் என்ன இருக்கும்?


ஜூலை 17, வியாழன்

இன்று ஷூட்டிங் கிடையாது, நடிகைக்குத் தேதி இல்லை. வெயில் குறைவு. தோசை, தக்காளிச் சட்னி. பால் கணக்கு சரியாயிற்று, தப்பு என்னுடையது.

கொடுக்க மாட்டேன் என்று முடிவு பண்ணி, எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே போன். அந்த உதவிப் பெண்.

"ஆன்ட்டி, டென்ஷனே ஆகாதீங்க. அந்த டேக்கை யூஸ் பண்ண முடியாது. நேத்து சாயந்திரம் பெரிய மானிட்டர்ல போட்டுப் பார்த்தோம்."

"ஏம்மா? என் குரலா?"

"உங்க குரல் இல்ல ஆன்ட்டி. அங்கிள். நீங்க பாடப் பாட அவர் கண்ல இருந்து தண்ணி. கோடு மாதிரி காது வரைக்கும் போகுது. சார் தலைல கை வச்சிக்கிட்டு உக்காந்துட்டார்." சிரிப்பை அடக்குகிறாள். "பாடி அழுதா எப்படி ஆன்ட்டி? அழிச்சிடறோம். நாளைக்கு அங்கிளை மட்டும் அனுப்புங்க, நீங்க வராதீங்க, ப்ளீஸ்."

போனை வைத்தேன். அடுப்பில் தோசை கருகிவிட்டது.

அவர் அம்மா போனபோது அழவில்லை. அட்டாக் வந்து ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போகும்போது அழவில்லை, "கரண்ட் பில் கட்டிட்டியா" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அந்தக் கண்ணில் நான் தண்ணீர் பார்த்ததில்லை.

கூடத்துக்கு வந்தேன். சுவரைப் பார்க்கவில்லை, பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணு போன் பண்ணுச்சு. பெட்டியில அழுதீங்களாமே."

"யாரு? நானா? தூசி."

"மூடி வச்ச கண்ணாடிப் பெட்டிக்குள்ள தூசி எங்கேருந்துங்க வந்துச்சு?"

பேப்பரை இன்னும் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.